கோத்தகிரியில் இருந்துகொண்டே எம்.சி.ஏ படிப்பதா, கோவைக்கு இறங்குவதா?

கட்டபெட்டுக்காரி | ஜூன் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பவளாக மட்டும்தான் இங்கே இருந்தேன். இன்று கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

2022இல் ஊட்டியில் பி.எஸ்சி கணினி அறிவியல் முடித்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊர்) பக்கத்தில் ஒரு தேயிலை பேக்டரி ஆபீசில் வேலை. பச்சை இலை கொண்டுவருபவர்களின் எடைச் சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, மாதக் கடைசியில் கணக்குப் போட்டுக் கொடுப்பது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலை விலை நன்றாக இருக்கும் மாதம் வீட்டில் படிப்புப் பேச்சு வரும். விலை இறங்கினால் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

இந்த வருடம் எப்படியாவது முதுநிலை சேர வேண்டும். வேலையை விட்டுவிட்டுக் கோவையில் ஹாஸ்டலில் தங்கி எம்.சி.ஏ படிக்கலாம். இல்லையென்றால் வேலையில் இருந்துகொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் எம்.சி.ஏ. மூன்றாவதாக, எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதினால் மாதாமாதம் பணம் தருவார்கள், எம்.டெக் போ என்று மாமா பையன் சொல்கிறான்.

பிளஸ் டூவில் நான் வணிகவியல், கணினிப் பயன்பாடு. கணக்கு என்றால் பி.எஸ்சியில் துணைப்பாடமாகப் படித்த இரண்டு தாள்தான். அதையும் பாஸ் ஆனால் போதும் என்றுதான் படித்தேன். அந்த இடத்தில்தான் பயம். எந்த வழி நல்லது, சொல்லுங்கள்.

பந்தலூர் தம்பி | ஜூன் 8, இரவு 10.15

அக்கா, நான் இக்னோ எம்.சி.ஏ முடித்தவன். நேரம் எவ்வளவு ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

இப்போதைய இக்னோ எம்.சி.ஏ 80 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. அதாவது 2,400 மணி நேரம். இரண்டே வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 23 மணி நேரம் உட்கார வேண்டும். பகல் முழுக்க இ-சேவை மையத்தில் வேலை பார்த்துவிட்டு இரவில் படித்தேன். வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. நான்கு வருடம் வரை அனுமதி உண்டு, மூன்றரை வருடத்தில் முடித்தேன்.

செய்முறை வகுப்புக்கு 70 சதவீத வருகை கட்டாயம், அதற்குப் படிப்பு மையத்துக்கு நேரில் போக வேண்டும். எங்கள் பக்கம் ஆடி மழையில் மரம் விழுந்து கூடலூர் ரோடு நின்றால் அன்றைய வருகை போனதுதான். கேட்டுப் பார்த்தேன், அந்த மையத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு தாளுக்காக ஆறு மாதம் தள்ளிப்போனது. இன்னும் மனது ஆறவில்லை.

பட்டத்தின் மதிப்பைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. என் தாத்தா பாட்டி 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள், டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டில்தான் நாங்கள் மூன்று தலைமுறை. எங்கள் லைனில் முதல் முதுநிலைப் பட்டம் அந்தத் தபாலில்தான் வந்தது.

வெலிங்டன் டீச்சர் | ஜூன் 9, காலை 6.20

கட்டபெட்டு அம்மா, பயப்பட வேண்டாம். நான் இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்தியவள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தகுதி உங்களுக்கு இருக்கிறது. எம்.சி.ஏவுக்குப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணக்கு இருந்தால் போதும். உங்கள் துணைப்பாடம் அந்தக் கணக்கில் வந்துவிடும். பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடம் வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுத வேண்டும். இந்த வருடத் தேர்வு முடிந்துபோயிற்று. அதனால் இந்த ஜூலையிலேயே சேர வேண்டும் என்று அவசரப்பட்டால் கையில் கிடைத்த இடத்தில் போய் உட்காருவீர்கள். அது வேண்டாம் என்பது என் கருத்து.

கேட் விஷயத்தில் உங்கள் மாமா பையன் பாதிதான் சொல்லியிருக்கிறார். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கேட் மதிப்பெண்ணோடு எம்.இ, எம்.டெக் போன்ற படிப்பில் முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு. எம்.சி.ஏவுக்கு அது கிடையாது. பி.எஸ்சி முடித்தவர் கேட் எழுதலாம், ஆனால் கணினியில் எம்.டெக் சேரப் பெரும்பாலும் பி.இ அல்லது எம்.சி.ஏ, எம்.எஸ்சி கேட்பார்கள். எனவே உங்களுக்குக் கேட் என்பது எம்.சி.ஏ கடைசி வருடத்தில் எழுத வேண்டியது. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

இன்னொன்று. 2020-21 முதல் எம்.சி.ஏ மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. பலர் இதை ஒரு வருடம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். குறைந்தது எந்த வருடம் என்று பார்க்க வேண்டும். டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்), இயங்குதளம், தனிநிலைக் கணிதம் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லித் தந்த முதல் வருடம் போய்விட்டது. இளநிலையிலேயே அது தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறார்கள். இளநிலையில் அதைச் சரியாகப் படிக்காத பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கில்தான் பயம் என்றீர்களே, சரியான இடத்தில்தான் பயந்திருக்கிறீர்கள். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் போதும்.

லவ்டேல் வாசி | ஜூன் 9, மதியம் 1.05

டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பி.எஸ்சியோடு கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதுநிலை இல்லை. வேலைக்கு எடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். எங்கள் நேர்முகத்தில் புரோகிராம் எழுதச் சொல்வோம், எழுதினால் வேலை. எம்.சி.ஏவா பி.எஸ்சியா என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டு வருடச் சம்பளம் போகும், அதன் மேல் கட்டணம், ஹாஸ்டல். ஒன்றரை ஏக்கர் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. தங்கச்சி, ஒரு ஆறு மாதம் நல்ல கோர்ஸ் ஒன்றைச் செய்துவிட்டு நேராக வேலைக்கு வாருங்கள். வீட்டுக்கும் பணம் வரும்.

கட்டபெட்டுக்காரி | ஜூன் 9, இரவு 9.15

டீச்சர், அண்ணா, தம்பி எல்லோருக்கும் நன்றி. லவ்டேல் அண்ணா சொல்வதும் சரியென்றுதான் படுகிறது. ஆறு மாத கோர்ஸில் கிடைக்காதது எம்.சி.ஏவில் என்ன கிடைக்கும்? உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

வெலிங்டன் டீச்சர் | ஜூன் 10, காலை 6.35

உங்கள் பேக்டரியை வைத்தே சொல்கிறேன். இலை கொடுப்பவர்கள் 1,200 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்த எண் வரிசையிலேயே அடுக்கிய ஒரு தடித்த நோட்டு. 873ஆம் எண்காரர் வந்து நிற்கிறார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் 873 தடவை பார்க்க வேண்டும். நடுப்பக்கத்தைத் திறக்கிறீர்கள், 600. அவர் எண் அதைவிடப் பெரிது, அதனால் முன்பாதி முழுவதையும் விட்டுவிடலாம். மிச்சத்தின் நடுவைத் திறக்கிறீர்கள். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் 1,200, 600, 300, 150, 75, 37, 18, 9, 4, 2, 1. அதிகபட்சம் 11 தடவை பார்த்தால் ஆள் கிடைத்துவிடுவார். பேக்டரி பெரிதாகி 2,400 பேர் ஆனால் எத்தனை தடவை? 22 இல்லை, 12தான்.

இதை எழுத ஒரு கோர்ஸ் கற்றுத்தரும். பத்து வரி புரோகிராம். எந்தச் சூழ்நிலையிலும் 12ஐத் தாண்டாது என்று நிரூபிக்கவும், நோட்டு எண் வரிசையில் இல்லாவிட்டால் ஏன் இது உடைந்துபோகும் என்று சொல்லவும், தினமும் புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தால் நோட்டை விட்டுவிட்டு வேறு எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கவும் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வர நாள் ஆகும். நாம் பயப்படுகிற கணக்கும் இதுதான். பாதியாக்குவதை எத்தனை தடவை செய்யலாம் என்பதைத்தான் மடக்கை என்று ஒரு பெயர் வைத்துப் பள்ளியில் பயமுறுத்திவிட்டார்கள்.

லவ்டேல் தம்பி, நீங்கள் ஒன்பது வருடம் வேலையில் கற்றுக்கொண்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குக் கோவையில் முதல் வேலை கிடைத்தது, கூட உட்கார்ந்து சொல்லித்தர நாலு பேர் இருந்தார்கள். கட்டபெட்டில் எடைச் சீட்டு ஏற்றும் பெண்ணுக்கு அந்த நாலு பேர் எங்கே? அவர்களைச் சந்திக்கிற இடமும் படிப்புதான்.

லவ்டேல் வாசி | ஜூன் 10, காலை 11.50

அந்தக் கடைசி வரியை ஏற்கிறேன் டீச்சர். நான் கற்றுக்கொண்டது முழுக்கப் பக்கத்து சீட்டு அண்ணன்களிடம்தான். அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

பூம்பாறை | ஜூன் 10, மாலை 5.30

நீலகிரி ஆட்களுக்கு நடுவில் பழனி மலையிலிருந்து ஒருத்தி வருகிறேன். பூம்பாறை, பூண்டு விளையும் ஊர். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 முதல் இருக்கிறது. அங்கே எம்.எஸ்சி கணினி அறிவியல் படித்தேன். மலையிலேயே பிறந்து மலையிலேயே முதுநிலை முடித்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் எங்கே படிப்பது என்றே பேசுகிறோம். கடைசி செமஸ்டரில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் வெளியே கடையில் காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கினார்கள். ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், லைப்ரரி மேனேஜ்மென்ட். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு கேள்வி கேட்டால் பதில் இருக்காது. வருத்தமாக இருக்கும் அதைப் பார்க்க. எல்லோரும் புத்திசாலிப் பெண்கள்தான், சொந்தமாகச் செய்ய ஒரு விஷயம் கையில் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது சூரியன். கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் தொடங்கியது. 1904 முதல் வானம் தெளிவாக இருக்கிற நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், முதலில் கண்ணாடித் தகட்டில், பிறகு ஃபிலிமில். சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். அந்தப் பழைய படங்களை எல்லாம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. அதிலிருந்து புள்ளிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதுவதுதான் என் வேலை.

முதலில் சுலபம் என்று நினைத்தேன். கறுப்பாக இருப்பது புள்ளி, வெளிச்சமாக இருப்பது சூரியன், ஒரு எல்லை வைத்துப் பிரித்துவிட்டால் முடிந்தது. ஓட்டிப் பார்த்தால் சூரியனின் விளிம்பு முழுக்கப் புள்ளி என்கிறது! நடுவைவிட ஓரம் மங்கலாகத் தெரிவது சூரியனின் இயல்பு. மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து அந்த மங்கலைச் சரிசெய்த பிறகுதான் எல்லையே வைக்க முடியும். அடுத்த சிக்கல் தகட்டில் இருந்த தூசியும் கீறலும். அதுவும் கறுப்பு, புள்ளியும் கறுப்பு. மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு மறுநாள் படத்தோடு ஒப்பிட்டேன். சூரியன் சுற்றுகிறது, நிஜப் புள்ளி ஒரு நாளில் ஏறக்குறைய 13 டிகிரி நகர்ந்திருக்கும். தூசி அப்படி நகராது. அன்று இரவு அம்மாவை எழுப்பிக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷப்பட்டார்.

உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று சுற்றிப் பாருங்கள் அக்கா. ஊட்டிப் பக்கம் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியே இருக்கிறது, 1970இலிருந்து. அந்த மலைச் சரிவு ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, 11 டிகிரி, சாய்ந்திருந்ததால்தான் அங்கே கட்டினார்கள்.

எமரால்டு அண்ணன் | ஜூன் 10, இரவு 10.45

பூம்பாறை தங்கச்சி எழுதியதைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் எம்.சி.ஏ முடித்து, கேட் எழுதி, எம்.டெக் போனவன். டீச்சர் சொன்ன 12,400தான் என்னைக் காப்பாற்றியது. எம்.டெக்கில் நான் எடுத்தது தேயிலைக் கொப்புள நோய். நம்ம தங்கச்சியும் தேயிலை வீட்டுப் பெண், இது உதவும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொப்புள நோய் எல்லோருக்கும் தெரியும், எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்கிற பூஞ்சை. மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இளங்கொழுந்தில் வந்து உட்காரும். முதலில் எண்ணெய் சொட்டு விழுந்தது மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு பொட்டு. சில நாளில் அது மேல் பக்கம் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து, வெள்ளையாக மாவு பூத்துவிடும். அந்த வெள்ளை வந்தபிறகு மருந்தடித்து அந்த இலைக்குப் பயனில்லை. பொட்டாக இருக்கும்போதே போன் கேமராவில் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

இரண்டு மழைக்காலம் படம் எடுத்தேன். போனை வெளியே எடுத்த நிமிடமே லென்ஸில் பனி படியும். பனியன் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தது. எட்டாயிரம் படம் சேர்ந்ததும், படத்தைப் பார்த்து நோயா இல்லையா என்று சொல்லும் கணினி மாடலைப் பெருமையாகப் பழக்கினேன். பத்தில் எட்டுப் பங்கு படம் பயிற்சிக்கு, மீதி சோதனைக்கு. நூற்றுக்கு 96 சரி என்று வந்தது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரே இலையை எத்தனை படம் எடுத்தாய்?"

ஆறு, ஏழு எடுத்திருப்பேன். சரியாக விழவில்லையென்றால் என்று ஒரு பயம்தான். அந்த ஏழில் ஐந்து பயிற்சியில் போயிருக்கிறது, இரண்டு சோதனையில். பரீட்சைக்கு முந்தின நாளே கேள்வித்தாளைக் கொடுத்தது மாதிரி. நோயைக் கற்றுக்கொள்ளாமல் அந்த இலையை மனப்பாடம் செய்திருக்கிறது. ஒரு செடியின் படமெல்லாம் ஒரே பக்கம் போகும்படி பிரித்து மறுபடி ஓட்டினேன், 71. தோட்டம் தோட்டமாகப் பிரித்தேன், அதாவது பழகிய தோட்டம் வேறு, சோதிக்கும் தோட்டம் வேறு. 60ஐத் தொட்டும் தொடாமலும் நின்றது.

அதோடு முடியவில்லை. நோய் இலைகளை எல்லாம் மழை நாளில் எடுத்திருந்தேன், நல்ல இலைகளை வெயில் அடித்த நாளில். சந்தேகம் வந்து, படத்தில் இலையையே கறுப்பு அடித்து மறைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இலையே இல்லாத படத்திலும் பத்துக்கு ஏழு தடவை சரியாகச் சொல்கிறது! பின்னணி இருட்டாக இருந்தால் நோய், வெளிச்சமாக இருந்தால் நல்லது என்று கற்றிருக்கிறது. அன்று அழுதேன். மூன்றாவது மழைக்காலம் வரை காத்திருந்து, ஒரே நாளில் ஒரே செடியில் நல்ல இலையும் நோய் இலையும் சேர்த்து எடுத்தேன்.

எது நோய் என்று யார் சொல்வது என்பது அடுத்த கேள்வி. எங்கள் அம்மா, ஒரு மேஸ்திரி, விவசாயம் படித்த நண்பர், மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒரே 300 இலையைக் காட்டினேன். வெள்ளை பூத்ததில் மூவரும் ஒன்றாகச் சொன்னார்கள். ஆரம்பப் பொட்டில்தான் ஆளுக்கு ஒன்று. அம்மா மட்டும் இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், மற்ற இருவரும் மேசையில் வைத்தே பார்த்தார்கள். அம்மா நோய் என்று தனியாகச் சொன்னவற்றை ஒரு வாரம் கழித்துச் செடியிலேயே போய்ப் பார்த்தேன், பெரும்பாலும் புடைத்திருந்தது. அதன் பிறகு என் படங்களை எல்லாம் வானத்தைப் பின்னால் வைத்துத்தான் எடுத்தேன். ஆய்வேட்டில் அந்த முறையை விவரித்த இடத்தில் "நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவரின் கவனிப்பிலிருந்து" என்று எழுதினேன், பேராசிரியர் அதை அடிக்காமல் விட்டார்.

கடைசியில் வந்த எண் 80க்குக் கீழேதான். ஆனால் அந்த எண்ணை யார் கேட்டாலும் என்னால் விளக்க முடியும். வேலைக்கான நேர்முகத்தில் அரை மணி நேரம் இதைப் பற்றித்தான் பேசினோம். தங்கச்சி, கையில் ஒரு கேள்வியோடு போங்கள். கேள்வி இருந்தால் லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் எதற்கு என்று வகுப்பிலேயே புரியும்.

கட்டபெட்டுக்காரி | ஜூன் 11, இரவு 9.05

அண்ணா, இதை நேற்றிலிருந்து நான்கு தடவை படித்துவிட்டேன். இன்று காலை அம்மாவிடம் ஒரு இலையைக் கொடுத்து எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். எங்கள் அம்மாவும் அப்படியே வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

எனக்கு இன்னொரு யோசனையும் வருகிறது. வீட்டில் நாங்கள் பேசுவது படுகு, படுகர்களின் மொழி. போனில் தமிழில் பேசினால் எழுதிக் கொடுக்கிறது, படுகுக்கு ஒன்றும் இல்லை. அதைச் செய்ய முடியுமா?

வெலிங்டன் டீச்சர் | ஜூன் 12, காலை 6.30

நல்ல யோசனை, ஆனால் அதன் கனத்தைத் தெரிந்துகொண்டு தொடுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்குத்தான் ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் போன்ற குழுக்கள் பெரிய அளவில் பேச்சும் எழுத்தும் சேகரித்திருக்கின்றன. படுகு அந்த 22இல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் கன்னடத்தின் கீழ் வைத்து 1.33 லட்சம் பேரைக் காட்டினார்கள். தனக்கென்று ஓர் எழுத்து இல்லாத மொழி. பேச்சைப் பதிவு செய்வது ஒரு வேலை, எந்த எழுத்தில் எழுதுவது என்று ஊரோடு உட்கார்ந்து முடிவு செய்வது இன்னொரு வேலை. ஒரு செமஸ்டரில் ஆகாது. ஆனால் உங்கள் பாட்டி பேசுவதை இப்போதே நல்ல மைக்கில் பதிவு செய்யத் தொடங்குங்கள், அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு. புராஜெக்ட் ஆகிறதோ இல்லையோ, அது வேண்டும்.

பந்தலூர் தம்பி | ஜூன் 12, இரவு 10.20

டீச்சர் சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் தாத்தாவின் குரல் என்னிடம் இல்லை.

லவ்டேல் வாசி | ஜூன் 12, இரவு 11.00

தங்கச்சி, வேலைக்கு வா என்று சொன்னவன் இப்போது படிப்புக்கு வழி சொல்கிறேன். கல்விக் கடன் 4 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக்கூடாது, சொந்தப் பங்கும் போட வேண்டியதில்லை. விண்ணப்பத்தை வித்யாலக்ஷ்மி தளத்தில் போடுங்கள். படிப்புக் காலமும் அதன் மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்தால் மாதாமாதம் அந்த வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள்.

தினமும் இறங்கி ஏறலாம் என்று நினைக்காதீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் அதன் பிறகு கோவை இருக்கிறது. என் அறைத்தோழன் ஒரு செமஸ்டர் முயற்சி செய்தான். முதல் பஸ்ஸைப் பிடித்து, கடைசி பஸ்ஸில் திரும்பி, நவம்பரில் மண் சரிந்து ரோடு அடைபட்டதும் விட்டுவிட்டான். இறங்கினால் ஹாஸ்டல்தான்.

எமரால்டு அண்ணன் | ஜூன் 13, காலை 7.10

மழை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது எங்கள் பக்கம் பல நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. என் படமெல்லாம் ஒரே லேப்டாப்பில். அது நனையாமல் இருந்தது அதிர்ஷ்டம். எதைச் சேர்த்தாலும் இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று மலைக்குக் கீழே இருக்கட்டும்.

கட்டபெட்டுக்காரி | ஜூன் 14, இரவு 8.50

வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டோம். இந்த வருடம் எங்கும் சேரப் போவதில்லை, வேலையில் இருக்கிறேன். அடுத்த டான்செட் எழுதிக் கோவையில் எம்.சி.ஏ. கடன் விண்ணப்பத்துக்கு என்ன தாள் வேண்டும் என்று அப்பா வங்கியில் விசாரித்துவிட்டு வந்துவிட்டார், நான் சொல்வதற்கு முன்னாலேயே.

அதுவரை கணக்குக்கு என்ன படிப்பது டீச்சர்?

வெலிங்டன் டீச்சர் | ஜூன் 15, காலை 6.15

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. ஜூலை செமஸ்டருக்கு என்பிடெல் (ஐஐடிகளின் இணைய வகுப்புத் தளம்) பாருங்கள். வகுப்புகள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தானில் டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும் நடத்தும் வகுப்பு இருக்கிறது. நான் பாடம் நடத்திய காலத்திலேயே அதைப் பார்த்துத்தான் என் குறிப்புகளைத் திருத்தினேன். அதோடு பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கணங்கள், சார்புகள், மடக்கை, கணிதத் தொகுத்தறிதல், நிகழ்தகவு. தமிழ்வழிப் புத்தகமே போதும். ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம், ஆனால் பேனாவோடு. வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், எழுதிப் பார்க்கும்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். நிற்கிற இடத்தை இங்கே எழுதுங்கள், நான் தினமும் காலையில் பார்க்கிறேன்.

கட்டபெட்டுக்காரி | ஜூன் 15, இரவு 9.30

சரி டீச்சர், நாளையே தொடங்குகிறேன்.

எமரால்டு அண்ணா, ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில் 20 செடிக்கு எண் போடலாம் என்று இருக்கிறேன். ஒரே செடியை வாராவாரம் எடுக்க வேண்டுமே, எதில் அடையாளம் வைப்பது? ரிப்பன் கட்டினால் போதுமா?

எமரால்டு அண்ணன் | ஜூன் 15, இரவு 10.05

ரிப்பன் வேண்டாம்மா, கொழுந்து பறிக்கும்போது கையோடு வந்துவிடும். பழைய டப்பாத் தகரத்தை வெட்டி, ஆணியால் எண்ணைக் குத்தி, செடியின் தண்டில் கவாத்து வெட்டும் மட்டத்துக்குக் கீழே கம்பியால் கட்டுங்கள். பெயிண்டில் எழுதினால் ஒரு மழைக்குத் தாங்காது. உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது, நோயும் அப்போதுதான் ஏறும், அதனால் இப்போது எடுப்பதை எல்லாம் பழகுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் செடி எண், தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது, நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எடைச் சீட்டு எழுதுகிற கை, அது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.